கழிவு தமிழர்க்கு, காப்பு வணிகர்க்கு!

கூடங்குளத்து அணுவுலைகள் மின்னாற்றல் தருகின்றன என்பது ஊரறிந்த செய்தி. மின்னாற்றலோடு அவை வேறொன்றையும் ஈனுகின்றன. அவ்வேறொன்றை எங்கே வைப்பது, எவ்வழியே கொண்டு செல்வது, வழியிற் கேடு நேர்ந்தால் எவர் ஈடுசெய்வது என்பன ஊரறியாச் செய்திகள். ஊரறியா வண்ணம் காக்கப்பட்ட செய்திகள் என்பதே இன்னும் பொருந்தும்.

உலையினுள் எரிந்து, இனிப் பயன்படும் வலுக்குன்றியதென வெளியே எடுக்கப்படும் எரிகோல்களே அவ்வேறொன்று. அடுப்பில் எரிந்த விறகு கரியாகிச் சாம்பலாகி ஆறிவிடும். அணுவுலையில் எரிந்த கோலின் இயல்பு இதற்கு நேர்மாறு. எரியுமுன் கையுறையணிந்த தொழிலாளியொருவர் தொட்டுத் தூக்கத்தக்கதாய் இருப்பது, எரிந்தபின் எவரும் அணுகவொண்ணாத நஞ்சாய் மாறிவிடும். அதன் அருகே தடுப்பின்றி நிற்பவர் சில நிமையங்களில் சாவுக்குரிய அளவு கதிரை வாங்கிக் கொள்வார். ஆண்டுக் கணக்கில் அதனை நீருள் அமிழ்த்தி வெப்பந்தணிக்க வேண்டும். தணிந்த பின்னும் எஞ்சும் நஞ்சு தலைமுறை தலைமுறையாய்க் காவல் கேட்கும். அதனுள் பிறக்கும் புளூத்தோனியம் பாதியாய்க் குறைவதற்கே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். தமிழில் இன்று கிடைக்கும் மிகப் பழைய நூலின் அகவையைப் பத்து மடங்கு பெருக்கினாலும் அவ்வெல்லையை எட்டவியலாது.

கூடங்குளத்தின் ஓருலையில் 163 எரிகோற் கட்டுகள் உள்ளன. அவற்றின் எடை எழுபது டன்னுக்குக் குறையாது. எரிபொருள் மாற்றுந்தோறும் அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கழிவாய் வெளியேறும். முதலுலை 2014 திசம்பரிலும் இரண்டாம் உலை 2017 மார்ச்சிலும் வணிக முறையில் மின்னாக்கத் தொடங்கின. அவற்றோடு மேலும் நான்கு உலைகள் அங்கே எழுப்பப்படுகின்றன. ஆறு உலைகள் அறுபதாண்டு எரியுமாயின் குவியும் கழிவு எவ்வளவென்பதைச் சிறுவனும் பெருக்கிப் பார்க்கலாம். அதனைப் பெருக்கிப் பாராதவர் தில்லியில் இருப்போரே.

அல்லது, பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய்மூடியிருக்கின்றனரோ?

இக்கழிவு தமிழ்நாட்டில் தங்காது என்பதே தொடக்கத்தில் தரப்பட்ட உறுதி. 1988 நவம்பரில் அன்றைய தலைமையமைச்சர் இராசீவ் காந்தியும் சோவியத்துத் தலைவர் கொர்பச்சேவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி, எரிந்து தீர்ந்த எரிபொருளைச் சோவியத்து நாடே திருப்பியெடுத்துக் கொள்ள வேண்டும். அவ்வேற்பாடு நிலவியபோதுதான், 1989 மே திங்களில், சுற்றுச்சூழல் அமைச்சகம் கூடங்குளத்திற்கு இசைவளித்தது. நஞ்சு வந்த வழியே போய்விடும். மின்னாற்றல் மட்டும் இங்கே எஞ்சும் — இதுவே அன்று காட்டப்பட்ட படம்.

பின்னர்ச் சோவியத்து ஒன்றியம் சிதறியது. 1998-இல் உருசியாவோடு துணை உடன்படிக்கையொன்று ஆயிற்று. அதன்பின் தீர்ந்த எரிபொருள் இந்திய ஒன்றியத்திடமே நிற்கும் என்று ஏற்பாடு மாறிற்று. பழைய இசைவு மட்டும் மாறவில்லை! கழிவு வெளிநாடு செல்லும் என்று கருதப்பட்ட காலத்து இசைவை வைத்துக்கொண்டே, கழிவு உள்நாட்டில் தங்கும் உலைகள் கட்டப்பட்டன. அடிப்படை மாறியபின் மீண்டும் மக்களைக் கேட்க வேண்டாவா என்று எழுப்பப்பட்ட வினாவை வழக்குமன்றமும் ஏற்கவில்லை; முதலிரண்டு உலைகளுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்றே கூறிவிட்டது.

இதிற் பழியை உருசியர் மேல் மட்டும் சுமத்துவது உண்மைக்கு மாறாகும். ஈரானின் புசேர் உலைக்கு எரிபொருள் தரும் உருசியா, எரிந்ததைத் திருப்பியெடுத்துக் கொள்வதாய் 2005-இல் அந்நாட்டோடு உடன்படிக்கை செய்தது. வங்காள தேசத்து உரூப்பூர் உலையின் கழிவையும் திருப்பியெடுக்க 2017-இல் உடன்பட்டது. ஈரானியனுக்கும் வங்காளிக்கும் கிடைத்த காப்பு நெல்லைக் கடற்கரைத் தமிழனுக்கு ஏன் கிடைக்கவில்லை? தில்லியே அதனைக் கைவிட்டது என்பதுதான் விடை. தீர்ந்த எரிபொருள் கழிவன்று, புளூத்தோனியம் பிரித்தெடுக்கத்தக்க செல்வம் என்பது ஒன்றிய அணுவாற்றல் துறையின் நெடுநாட் கொள்கை. செல்வமெனின் அதனை வைத்திருக்கும் பேற்றைத் தில்லி தன் யமுனைக் கரைக்கே அளித்துக் கொள்ளலாமே! செல்வம் தில்லியின் கணக்கேட்டில் இருக்கும். நஞ்சு இடிந்தகரையின் அண்டை வீட்டில் இருக்கும். இதற்குப் பெயர் கொள்கையாம்.

2013 மே திங்களில் உச்ச வழக்குமன்றம் கூடங்குள உலையை இயக்கலாமெனத் தீர்ப்பளித்தபோது பதினைந்து கட்டளைகளையும் சேர்த்தே விதித்தது. உலைக்கு வெளியே தீர்ந்த எரிபொருளை வைக்கும் இடைக்காலக் கிடங்கை ஐந்தாண்டுக்குள் அமைக்க வேண்டுமென்பது அவற்றுள் ஒன்று. ஆழ்நிலத்தில் நிலையான புதையிடம் காணும் பணியையும் விரைவுபடுத்தச் சொன்னது. ஐந்தாண்டு கழிந்தது, கிடங்கு எழவில்லை. உலையை நடத்தும் நிறுமம் 2018-இல் மீண்டும் வழக்குமன்றத்திற்குச் சென்று 2022 வரை காலம் வாங்கிற்று. 2019 சூலை 10-இல் இராதாபுரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டமென அறிவித்தார்கள். எதிர்ப்பெழுந்ததும் தள்ளி வைத்தார்கள். 2022 பிப்பிரவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சரே தலைமையமைச்சர்க்கு மடல் எழுதி, கழிவை உருசியாவுக்கே திருப்பியனுப்ப வேண்டும், அஃதியலாதெனின் மக்கள் வாழாத இடத்தில் நிலையாகப் புதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாநில அரசு தன் மண்ணில் வைக்கப்படும் நஞ்சைப் பற்றி மடல் எழுதத்தான் இயலும். ஒப்புதல் தரவோ மறுக்கவோ அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அணுவாற்றல் முற்றும் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டினது, நீர் தமிழ்நாட்டினது, சாவும் தமிழ்நாட்டினதாகலாம், அதிகாரம் மட்டும் வேறிடத்தது.

இந்திய ஒன்றியத்தில் இன்றளவும் ஆழ்நிலப் புதையிடம் ஒன்றுகூட இல்லை. 2012 நவம்பரில், கோலார்த் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்களை அதன்பொருட்டு எண்ணிப் பார்ப்பதாக வழக்குமன்றத்திற் சொல்லப்பட்டது. அந்தச் சொல் வெளிவந்த சில நாள்களிலேயே கருநாடகம் கொதித்தெழுந்தது. ஒன்றிய அரசும் உடனே பின்வாங்கி, அத்தகைய திட்டமில்லை என்றது. தங்கவயலில் வாழ்வோருட் பெருந்தொகையினர் அச்சுரங்கங்களில் மூச்சடக்கி உழைத்த தமிழர் வழிவந்தோரே. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது பிழைப்பிழந்த அவர்களுக்கு நஞ்சுக்குழியும் வந்து சேராமற் போனது மகிழத்தக்கதே. ஆனால் தங்கவயலார் சொன்ன ‘வேண்டா’ சில நாளில் தில்லியின் செவிக்கு எட்டிற்று. இடிந்தகரை மீனவர் 2011 ஆகத்து முதல் ஆண்டுக் கணக்காய்ச் சொன்ன ‘வேண்டா’ எட்டவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை 2012 செப்தம்பர் 10-ஆம் நாள் கடற்கரையிற் பாய்ந்த கண்ணீர்ப் புகையும் தடியடியும். ஆயிரக்கணக்கானோர் மேல் எழுதப்பட்ட அரசப்பகை வழக்குகள். வலை பின்னும் பெண்டிர் அரசுக்கெதிராய்ப் போர் தொடுத்தனராம்! அவ்வழக்குகளை மீட்டுக்கொள்ள முயலுமாறு உச்ச வழக்குமன்றமே அறிவுறுத்தும்படி ஆயிற்று.

கிடங்கு இடைக்காலத்ததே என்கிறது அரசு. அவ்வாறாயின், என்றேனும் ஒருநாள் அக்கழிவு கூடங்குளத்தைவிட்டுப் புறப்பட்டாக வேண்டும். மறுபதப்படுத்தும் ஆலைக்கோ, இன்னும் தோண்டப்படாத புதையிடத்திற்கோ அது செல்லும். முன்னைய ஏற்பாட்டின்படி அது கப்பலேறிக் கடல்வழியே போயிருக்கும். இனி நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும்தான் வழி. நெல்லையும் மதுரையும் போன்ற ஊர்களின் விளிம்பைத் தொடாமல் தென்கோடியிலிருந்து வடக்கே செல்லும் பெருவழி ஏதுமில்லை. ஆகலின் இது கூடங்குளத்தார் மட்டும் கவலுறத்தக்க சிக்கலன்று.

கொண்டுசெல்லும் கலையில் உலகம் தேறவில்லை என்று கூறுதல் பொய்யாகும். பொய்யின் துணை தேவைப்படும் நிலையில் இவ்வழக்கு இல்லை. தீர்ந்த எரிபொருளை நூறு டன்னளவு எடையுள்ள எஃகுப் பேழைகளில் அடைத்தே அனுப்புகின்றனர். பன்னாட்டு அணுவாற்றல் முகவகத்தின் நெறிப்படி அப்பேழை 9 மீட்டர் உயரத்திலிருந்து சற்றும் நெகிழாத தளத்தில் விழுந்தும் உடையாதிருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இருப்புக் கம்பத்தின் மேல் விழுந்தும் துளைபடாதிருக்க வேண்டும். 800 பாகை வெப்பமுள்ள தீயில் முப்பது நிமையம் கிடந்தும், நீரில் மூழ்கியும் தாங்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாயிரம் செலவுகள் நிகழ்ந்தும் பேழை பிளந்து ஊர் அழிந்ததாய் வரலாறில்லை. இவையனைத்தும் மெய்யே.

ஆயினும் பேழை மட்டுமே காப்பன்று. பேழையை அடைப்பவன், கழுவுபவன், அளப்பவன், அளந்ததை எழுதுபவன், எழுதியதை மறைப்பவன் ஆகியோரும் அச்செலவில் உடன் செல்கின்றனர். செருமனியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கிருந்து பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் மறுபதத்திற்காகச் சென்ற பேழைகளின் புறத்தே இசைவளவுக்கு மிகுந்த கதிர்மாசு இருந்ததென 1998 மே திங்களில் வெளிப்பட்டது. இது புதிதாய்க் கண்டறியப்பட்ட செய்தியன்று. தொழில் நடத்துவோர் ஆண்டுக் கணக்காய் அறிந்திருந்தும் அரசுக்குச் சொல்லாத செய்தி. அன்று சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்தவர் அங்கேலா மெர்க்கல். அணுமின்னை எதிர்த்தவரல்லர், அதற்காக வழக்காடியவரே. அவரே அச்செலவுகள் அனைத்தையும் நிறுத்தினார். ஒழுங்குக்கும் நுணுக்கத்திற்கும் பெயர்பெற்ற நாட்டிலேயே நிகழ்ந்தது இது.

அந்நாட்டில் மக்களுக்கிருந்த உரிமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரான்சில் மறுபதஞ்செய்து மீண்ட கழிவுப் பேழைகள் கோர்லேபன் என்னும் சிற்றூருக்குச் செல்லுந்தோறும், உழவர் தம் உழுவுந்துகளை நடுச்சாலையில் நிறுத்தினர். இளைஞர் இருப்புப்பாதையில் அமர்ந்தனர். 2011 நவம்பரில் நிகழ்ந்த இறுதிச் செலவுக்குப் பல்லாயிரம் காவலர் வேண்டியிருந்தனர். உழுவுந்தை நிறுத்திய அவ்வுழவரை நாட்டின் பகைவரென ஊர் ஊராய் வழக்கெழுதி வீட்டுக்குள் அடைத்து வைக்கவில்லை. 2020-இல், நிலையான புதையிடத்திற்குத் தகுந்த இடங்களின் பட்டியலிலிருந்து நிலவியல் ஏதுக்களைக் காட்டிக் கோர்லேபன் நீக்கப்பட்டது. முப்பதாண்டுக்கு மேலாக அவ்வூரார் சொல்லி வந்ததை அறிவியலாளர் குழு ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

அமெரிக்காவில் தீர்ந்த எரிபொருள் ஒரு மாநிலத்தைக் கடக்குமுன் அம்மாநில ஆளுநர்க்கு முன்னறிவிப்புத் தரப்பட வேண்டுமென்பது விதி. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர். தில்லி அனுப்பிவைக்கும் விருந்தாளி அல்லர். இங்கோ 1962-ஆம் ஆண்டின் அணுவாற்றல் சட்டமே செய்தியை மறைக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிற் கொடுத்தது. எந்தச் சாலையில் எந்த இரவில் எது செல்கிறது என்பதை அச்சாலையோரத்துத் தேநீர்க்கடைக்காரர் அறியமாட்டார். தீயணைப்பு நிலையத்தாரேனும் அறிவரா?

இனி ஈட்டுப் பொறுப்புக்கு வருவோர், அதன் வேரை அமெரிக்காவில் காண்பர். 1957-இல் அந்நாடு பிரைசு–ஆண்டர்சன் சட்டத்தை இயற்றியது. அணுவுலை செய்யும் பெருநிறுமங்கள், கேடு நேர்ந்தால் ஈடுகட்டும் சுமை தம்மேல் விழுமாயின் இத்தொழிலுக்கே வரமாட்டோம் என்றன. காப்பீட்டு நிறுமங்களெல்லாம் கூடியும் 6 கோடி தாலருக்கு மேல் பொறுப்பேற்க இசையவில்லை. அதற்கு மேல் 50 கோடி தாலரை அரசே தரும், அதனோடு கணக்கு முடிந்தது என்று சட்டம் எழுதப்பட்டது. அறிவியலாளர் மேடைதோறும் ‘கேடு நிகழாது’ என்றனர். பணத்தை வைத்துப் பந்தயங்கட்ட வேண்டியவர்கள் ‘நிகழலாம்’ என்றனர். இவ்விருவருள் எவர் சொல்லை நம்புவது என்பதைத் தம் கைப்பணத்தை எண்ணிச் செலவிடும் எவரும் அறிவர்.

அந்த அமெரிக்கச் சட்டமும் பிற்காலத்திற் பலமுறை திருத்தப்பட்டு, இன்று அங்குள்ள உலைக்காரர் அனைவரும் பங்களிக்கும் பொதுவைப்பாய் வளர்ந்துள்ளது. ஓரிடத்துக் கேட்டிற்கு ஏறத்தாழ 1,600 கோடி தாலர் அதிலிருந்து கிடைக்கும். உலையினின்று தீர்ந்த எரிபொருளைக் கொண்டு செல்லும் வழியில் நேரும் கேட்டிற்கும் அக்காப்பு உண்டு. இவ்விறுதிச் செய்தியை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

சப்பான் 1961-இல் இயற்றிய சட்டம், உலை நடத்துவோனுக்கு எல்லையற்ற பொறுப்பை விதித்தது. உலை செய்தவனை முற்றிலும் விடுவித்தது. 2011 மார்ச்சில் புகுசிமா வெடித்தது. இதுகாறும் அங்கே தரப்பட்ட இழப்பீடு 10 இலக்கம் கோடி யென்னைக் கடந்துவிட்டது. இந்தியப் பணத்தில் ஐந்து இலக்கம் கோடி உருபாவுக்கு மேல். அதனைக் கொடுக்கவியலாமல் உலை நடத்திய நிறுமம் 2012-இல் அரசுடைமை ஆயிற்று. குடிமக்களின் வரிப்பணமே முட்டுக் கொடுத்தது. முதலுலையை வடிவமைத்துத் தந்த அமெரிக்க நிறுமமாகிய செனரல் எலக்ட்ரிக்கின் மேல் அச்சட்டப்படி ஒரு யென்னும் விழவில்லை.

இந்திய ஒன்றியத்தில் அணுக்கேட்டு இழப்பீட்டுச் சட்டம் 2010-இல் வந்தது. அது வந்த ஆண்டு கருதத்தக்கது. போபாலில் 1984 திசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவளி கசிந்து ஆயிரமாயிரம் பேர் மடிந்தனர். 330 கோடி தாலர் கேட்டு வழக்காடிய இந்திய அரசு, 1989-இல் 47 கோடி தாலரைப் பெற்றுக்கொண்டு உடன்பட்டது. 2010 சூன் 7-ஆம் நாள் வழங்கப்பட்ட குற்றத் தீர்ப்போ, இந்திய அலுவலர் எழுவர்க்கு ஈராண்டுச் சிறை என்பதோடு முடிந்தது. அமெரிக்கத் தலைமையாளர் கூண்டேறாமலே 2014-இல் முதுமையெய்தி மறைந்தார். அத்தீர்ப்பால் நாடே சினந்திருந்த வேளையில்தான் அணுக்கேட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது. அச்சினத்திற்கு அஞ்சியே, பழுதுள்ள கருவியையோ தரங்குன்றிய பணியையோ தந்தவரிடமிருந்து, உலை நடத்துவோர் தாம் கொடுத்த இழப்பீட்டை மீட்டுக் கொள்ளலாம் என்னும் உரிமை அதன் 17-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. போபாலின் பிணங்கள் வாங்கித் தந்த உரிமை அது.

அமெரிக்கரும் பிரெஞ்சியரும் உருசியரும் ஒருங்கே முகஞ்சுளித்தனர். கூடங்குளத்தைப் பொறுத்தவரை, 2008-இல் உருசியாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, உலையை இயக்கும் இந்தியத் தரப்பே எல்லாக் கேட்டுக்கும் முழுப்பொறுப்பு என்று முன்னரே எழுதி வைத்திருந்தது. அவ்வாறு எழுதப்பட்டதை மக்கள் அறிந்தது பின்னரே. 2013 ஏப்பிரலில் கூடங்குள முதலுலையின் நான்கு அடைப்பிதழ்கள் குறையுள்ளவை எனக் கண்டு மாற்றப்பட்டன. இயங்குமுன் கண்டதால் ஏதுமில்லை. இயங்கியபின் கண்டிருந்தால் செய்து தந்தவனைக் கேட்க வழியிருந்திருக்குமா?

இப்பொழுது அவ்வினாவுக்கே இடமில்லாமற் போய்விட்டது. 2025 திசம்பரில் ஒன்றிய அரசு புதிய அணுவாற்றல் சட்டத்தைக் கொணர்ந்து, சில நாள்களில் ஈரவைகளிலும் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் இசைவையும் பெற்றுவிட்டது. 1962, 2010 ஆகிய இரு சட்டங்களையும் நீக்கித் தானே அவ்விடத்தில் அமர வந்தது அச்சட்டம். தனியார் முதலாளிகளுக்கு அணுவுலைக் கதவைத் திறந்துவிடும் அதற்கு, ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்து ‘சாந்தி’ என்று பெயர் வைத்தார்கள்! அமைதி எனப் பொருள்படும் வடசொல்லை ஆங்கில எழுத்தாற் பின்னிய இவ்விரட்டைக் கயிறே தமிழ்மக்களைக் கட்டப் போதுமென நினைத்தனர் போலும். பழுதுள்ள கருவி தந்தவனிடம் மீட்கும் உரிமை அச்சட்டத்தில் இல்லை. உடன்படிக்கையில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே கேடு செய்ததாய் மெய்ப்பித்தாலோ மட்டும் கேட்கலாமாம். எந்த வணிகன் தன் கழுத்துக்குரிய கயிற்றைத் தானே உடன்படிக்கையில் எழுதித் தருவான்?

ஆகவே கூடங்குளத்தின் வரலாறு இரண்டு கதவுகளின் வரலாறு. நஞ்சு திரும்பிப் போகும் கதவு 1998-இல் அடைபட்டது. பொறுப்புத் திரும்பிச் செல்லும் கதவு 2025-இல் அடைபட்டது. இரண்டையும் உள்ளிருந்து அடைத்தது தில்லி.

புதிய சட்டத்தில் இழப்பீட்டு வரம்பு 3,000 கோடி உருபாவாக உயர்ந்துவிட்டதெனப் பறையறைந்தனர். அது 3,600 மெகாவாட்டுக்கு மேற்பட்ட வெப்ப ஆற்றலுள்ள பேருலைகளுக்கே. கூடங்குளத்து உலையொன்றின் வெப்ப ஆற்றல் 3,000 மெகாவாட்டு. ஆதலின் அதற்குரிய வரம்பு பழைய 1,500 கோடியே. அதற்கு மேற்பட்டதை, பன்னாட்டு நாணயக் கணக்கில் 30 கோடி அலகு வரை ஒன்றிய அரசு ஏற்கும். உருபாவில் மூவாயிரத்தைந்நூறு கோடிக்கு மிகும். 2016-இல் இணைந்த பன்னாட்டு உடன்படிக்கையிலிருந்தும் ஒரு பங்கு வரலாம். எல்லாவற்றையும் கூட்டினாலும் புகுசிமாவில் கொடுபட்ட தொகையின் அருகில் நிற்குமா?

இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. சட்டத்தின் இறுதிப் பட்டியலில், சிற்றுலைகளோடு ஒரே வரிசையில் ‘அணுப்பொருள்களைக் கொண்டுசெல்லுதல்’ என்று எழுதி, அதற்குரிய பொறுப்பு வரம்பு 100 கோடி உருபா என்று விதித்துள்ளனர். 2010 சட்டத்திலும் அதே நூறு கோடிதான். பதினைந்தாண்டில் அரிசிவிலை ஏறிற்று, நிலவிலை ஏறிற்று. வழிச்சாலைத் தமிழனின் உயிர்விலை மட்டும் ஏறவில்லை. உலைக்குள் இருக்கும்வரை அதற்கு 1,500 கோடி. வாயிலைக் கடந்து சாலைக்கு வந்துவிட்டால் 100 கோடி! உலையைச் சுற்றித் தடுப்புச் சுவருண்டு, ஆளற்ற வளாகமுண்டு. சாலையைச் சுற்றிப் பள்ளிக்கூடமுண்டு, சந்தையுண்டு, வயலுண்டு. காப்புக் குறைந்த இடத்தில் பொறுப்பையும் குறைத்த அறிவுடைமை இது. முன்னர்ச் சொன்ன அமெரிக்கச் சட்டம், உலைக்குரிய காப்பை வழிக்கும் நீட்டியிருப்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க.

நூறு கோடி என்பது எத்துணைத் தொகை என்பதற்கும் போபாலே அளவுகோல் தருகிறது. அவ்வாலையின் மூலையில் நாற்பதாண்டாய்க் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை 2025 சனவரி முதல்நாள் இரவு பன்னிரண்டு வண்டிகளில் ஏற்றி, காவலர் சூழ, போக்குவரவை நிறுத்தி, பித்தம்பூருக்குக் கொண்டு சென்றனர். அங்குள்ள மக்கள் எதிர்த்து எழுந்தனர், வழக்காயிற்று, இறுதியில் சூன் திங்கள் முடிவில் எரித்து முடித்தனர். கேடொன்றும் நேராமல், எதுவும் சிந்தாமல், முறைப்படி அகற்றுவதற்கே ஒன்றிய அரசு 126 கோடி உருபா ஒதுக்கியிருந்தது. அதில் யூனியன் கார்பைடின் பங்கு ஏதுமில்லை. கதிரியக்கமில்லாத கழிவைச் சிந்தாமல் அகற்ற 126 கோடி. கதிரியக்கக் கழிவு சாலையிற் சிந்தினால் ஈடு 100 கோடி. இக்கணக்கை எழுதியவர் எப்பள்ளியிற் கணக்குப் பயின்றவரோ!

பேழை உடையவே உடையாது. வீண் அச்சமூட்டாதீர் என்பர் சிலர். உடையாதெனின் வரம்பு எதற்கு? நிகழவே நிகழாத கேட்டிற்கு எல்லையற்ற பொறுப்பேற்பதில் எவர்க்கும் ஒரு காசும் இழப்பில்லையே! நிகழாது என்று வாயாற் சொல்லி, நிகழ்ந்தால் இவ்வளவுதான் என்று சட்டத்தில் எழுதுவோரின் வாயை நம்புவதா, எழுத்தை நம்புவதா? வரம்பில்லையேல் மின்விலை ஏறும் என்பாரும் உளர். ஏறட்டுமே! அவ்விலையே அணுமின்னின் மெய்யான விலை. இப்பொழுது அதன் ஒரு பகுதியை இடிந்தகரையும் கூத்தங்குழியும் தம் உயிர்க்கணக்கிலிருந்து செலுத்திக் கொண்டிருக்கின்றன; மலிவு என்பது அதன்பேரில் எழுதப்பட்ட பொய்க்கணக்கு.

இந்நிலையில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மடலோடு நில்லாது முடிவெழுதி அனுப்பத்தக்கவை சில உள. கூடங்குளத்துத் தீர்ந்த எரிபொருளைத் திருப்பியெடுக்கும் பழைய ஏற்பாட்டை உருசியாவோடு மீண்டும் பேசல் வேண்டும்; ஈரானுக்கும் வங்காள தேசத்திற்கும் இயன்றது இங்கே இயலாதெனின் அதற்குரிய கரணியத்தைச் சொல்லல் வேண்டும். திருப்பியெடுக்கப்படும்வரை, கழிவுப் பேழையொன்று தமிழ்நாட்டுச் சாலையிலோ இருப்புப்பாதையிலோ இறங்குமுன், மாநில அரசுக்கு முன்னறிவிப்புத் தருவது சட்டக் கடமையாதல் வேண்டும். வழியிலுள்ள மருத்துவமனைகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் கதிரளக்கும் கருவியும் பயிற்சியும் அதற்கு முன்னரே தந்திருத்தல் வேண்டும். வழிக்கேட்டுக்குரிய நூறு கோடி வரம்பும், கருவி தந்தவனைக் காக்கும் பிரிவும் நீக்கப்படல் வேண்டும்.

தில்லி இவற்றை மறுக்குமாயின் எழுத்தில் மறுக்கட்டும். அவ்வெழுத்தைத் தமிழிலேயே ஆக்கி, பேழை செல்லவிருக்கும் வழியிலுள்ள ஒவ்வோர் ஊர்மன்றத்திலும், அவ்வூர் மக்கள் முன்னிலையில், அணுவாற்றல் துறையின் அலுவலரே நின்று படித்துக் காட்டட்டும்.